குன்னத்தாளின் பல்

காலை எட்டு மணிக்கு மூதாய் அலுவலகம் திறக்கும்போதே, கடல்மேல் தெப்பங்களில் வாழும் மிதப்பூர்க்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவர் கன்னத்தின் உட்புறத்திலும் பஞ்சுக்குச்சியைத் தேய்த்துக் கருவியில் வைப்பது என் வேலை. கடல் ஏறி ஊர்களை விழுங்கிய பிறகு மேட்டு நிலத்தில் குடியேற ஒரே வழி அதுதான். 1900க்கு முன் மேட்டில் பிறந்த மூதாய் ஒருத்தியைக் காட்ட வேண்டும்.

தாய்வழியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நம் உயிரணுவில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்துதான் பிள்ளைக்கு வருகிறது. அதிலுள்ள மரபிழை, அதாவது டி.என்.ஏ., பன்னிரண்டு தலைமுறை கடந்தும் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

பவளக்கொடியின் மரபிழை, கடல் வருமுன் பெயர்த்தெடுத்துப் பெட்டியில் வைத்த ஓர் இடுகாட்டு எலும்போடு பொருந்தியது. அந்த இடுகாடு இருந்த உப்பளத்து ஊரின் பழைய பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயர் குன்னத்தாள். எனக்கு ஒரே குதூகலம். வாழ வந்த பெண்ணை அவள் பிறந்த ஊரைச் சொல்லிக் கூப்பிடுவது அந்தக் கால வழக்கம். குன்னம் மேட்டு ஊர்.

"அப்ப எடம் கெடச்சிருமா சார்?" இடுப்பில் இருந்த மகளின் முதுகைத் தடவியபடி கேட்டாள் பவளக்கொடி. "பாப்பாவுக்கு மூச்சு இழுக்குது. எங்க ஈரத்துல மீனுக்கே சளி புடிச்சுக்கும்."

"கெடச்ச மாதிரிதாம்மா. நாளைக்கு வாங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். சட்டம் கேட்ட மரபிழையும் பெயரும் கையில் இருந்தன. ஆனால் பெட்டியில் ஒரு பல்லும் இருந்தது. பல் உருவாகும் வயதில் குடித்த தண்ணீரின் கனிமங்கள் அதன் எனாமலில் தங்கிவிடும்; முந்நூறு ஆண்டு கழித்தும் எந்த ஊர்த் தண்ணீர் என்று சொல்லிவிடலாம். குன்னத்துச் சுனையை அந்தப் பல்லில் பார்க்க ஆசைப்பட்டேன்.

அது குன்னத்துத் தண்ணீர் இல்லை. எங்கோ கீழே, வறண்ட சமவெளிக் கிணறு. கருவி தன் முடிவைத் தானே அலுவலகப் பதிவேட்டில் ஏற்றிவிடும். அழிக்க வழி கிடையாது.

மாற்றுச் சான்று தேடி விடிய விடியப் பழைய ஆவணங்களைத் துழாவினேன். 1877, பஞ்ச காலம். குன்னத்துக் கஞ்சித்தொட்டிக் குறிப்பில் இரண்டே வரி: 'பெண் பிள்ளை, வயது பத்து. துணை இல்லை, ஊர் சொல்லத் தெரியவில்லை. உப்பு வண்டிக்காரர் அழைத்துப் போனார்.'

மறுநாள் அதைப் பவளக்கொடிக்குப் படித்துக் காட்டினேன்.

"குன்னத்துலேருந்து வந்த புள்ளைன்னு அந்தப் பேரு வச்சிருக்காங்க. பொறந்தது அங்க இல்ல. எடம் தரமாட்டாங்கம்மா."

அவள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். குழந்தையின் மூச்சு கீச்சுக் கீச்சென்று கேட்டது.

"எந்த ஊரு, யாரு புள்ளன்னு தெரியாமலேவா சார் வண்டில ஏத்திக்கிட்டாரு?"

"அப்படித்தான் தெரியுது."

"நீங்களும் கேக்காம இருந்திருக்கலாம்."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். அவருடைய மூதாயின் பெட்டியைத் திறந்தேன். அதிலும் ஒரு பல் இருந்தது.

பெட்டியை மூடினேன்.