பதில் அனுப்பிய எதிரி

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு நிஷாந்தனின் வீடு பறிபோனது. அந்த வீடு இன்னும் அவனுடையதாகவே ஆகியிருக்கவில்லை. அதனால் துக்கம் குறைந்துவிடவில்லை. கையில் இருந்து கெட்ட சரக்கைவிட, விலை பேசி முடித்துக் கைக்கு வராமல் போன சரக்குக்குத்தான் மனிதன் அதிகம் அழுவான்.

லண்டனில், மோர்டனில் மூன்று அறை, பின்னால் ஒரு துண்டுப் புல்தரை. விற்பவர் சம்மதம், கடன் கொடுப்பவர்கள் சம்மதம். கடைசிச் சோதனையில் கடன் கொடுப்பவர்கள் கையை விரித்துவிட்டார்கள். கட்டவேண்டிய காசைக் கட்டவில்லை என்று நிஷாந்தனின் பெயரில் கவுண்டி கோர்ட் தீர்ப்பு ஒன்று இருக்கிறதாம்.

"நான் கோர்ட் வாசலையே மிதிச்சதில்லை" என்றான் நிஷாந்தன்.

வீட்டுக் கடன் தரகர் அனுபவசாலி. வாசலை மிதிக்காதவர்களுக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சீக்கிரம் வரும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

நிஷாந்தனும் அவன் மனைவி றொஷானியும் டூட்டிங்கில் அவளுடைய பெற்றோரின் வீட்டில் ஓர் அறையில் இருந்தார்கள். றொஷானிக்கு ஐந்து மாதம். தொட்டில் வைத்தால் கதவு திறக்காது. கதவைத் திறந்தால் தொட்டில் வைக்க ஏலாது. விற்பவர் இரண்டு மாதம் பொறுப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் இல்லை.

றொஷானி அன்றைக்கே தன்னோடு வேலை செய்யும் வான்மதியைப் பிடித்தாள். வான்மதி ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழ்ப் பெண். காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பொய் முறைப்பாடுகளைத் துருவிப் பிடிப்பது அவள் தொழில். மனிதர் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, அதில் பாதியைக் கழித்து எடுத்துக்கொள்வாள்.

"யாருக்காவது காசு கொடுக்கணுமா?" என்று நிஷாந்தனைக் கேட்டாள்.

"இல்லை அக்கா."

"யார் கூடவாவது சண்டை?"

"இல்லை."

"கோர்ட்லேர்ந்து லெட்டர் வந்துச்சா?"

"ஒண்டும் வரேல்ல. சத்தியமா."

"சத்தியம் வேணாம் லா. கார்டை எடுங்க. தீர்ப்பெல்லாம் பொதுப் பதிவேட்டுல இருக்கும். பேர், அட்ரஸ் போட்டு யாரும் தேடலாம். கட்டணம் உண்டு."

முதல் தேடலில் ஒன்றும் இல்லை என்று வந்தது. நிஷாந்தன் துள்ளினான். வான்மதி துள்ளவில்லை. பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அதில் தகப்பனின் பெயர் கடைசியில் குடும்பப் பெயராக உட்கார்ந்திருந்தது. இவனோ வழக்கம்போல அதை முன்னால் போட்டுத் தேடியிருந்தான். இன்னொரு கட்டணம். இந்த முறை தீர்ப்புத் திரையில் வந்து நின்றது: வழக்கு எண், கோர்ட், தீர்ப்பு நாள், ஒரு சில்லறைத் தொகை. முகவரி இதே டூட்டிங் வீடு.

"ஆர் போட்ட கேஸ் எண்டு இல்லையே?"

"பதிவேட்டுல அது இருக்காது."

"காசு வாங்கினவை!"

"கறி கருகிருச்சுன்னு சொல்லத்தான் அந்தக் காசு. யார் அடுப்பை மூட்டினான்னு கேக்கணும்னா கோர்ட்டுக்குத்தான் போகணும்."

கோர்ட்டுக்குப் போவது என்றால் கால்களால் அல்ல. வழக்கை நடத்திய மையம் வேறொரு நகரத்தில் இருந்தது. தொலைபேசி வரிசையில் நிஷாந்தன் வயலின் கேட்டான். மறுநாளும் அதே வயலின். மூன்றாம் நாள் ஒரு பெண் குரல் வந்து, மின்னஞ்சல் அனுப்பச் சொல்லிவிட்டு மறைந்தது. அனுப்பினால், தங்களுக்கு நிறைய மின்னஞ்சல் வருவதாக ஒரு மின்னஞ்சல் வந்தது.

கடைசியில் வான்மதியே உட்கார்ந்து எழுதவைத்தாள். வழக்கு எண்ணைத் தலைப்பிலேயே போடு. நீதான் பிரதிவாதி என்று சொல். 'என் கேஸ் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்காதே. கோப்பில் உள்ள ஒவ்வொரு ஆவணத்தின் நகலும் வேண்டும் என்று கேள். கட்டணத்தை எப்படிக் கட்டுவது என்று நீயே கேட்டுவிடு. அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் நகலை இணை.

"மீன் கடையில போய் 'மீன் இருக்கா'ன்னு கேட்டா 'இருக்கு'ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பான். எந்த மீன், எத்தனை கிலோ, தலையோடவா தலை இல்லாமலா. அப்பதான் கத்தியை எடுப்பான்."

பத்து நாள் கழித்து நகல்கள் வந்தன.

வழக்குப் போட்டது கார் நிறுத்தும் இடங்களைப் பராமரிக்கும் ஒரு கம்பனி. நிஷாந்தனின் கார், வேலை நாள் ஒன்றின் காலையில், கிங்ஸ்பரியில் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் பின்பக்கம் அனுமதித்த நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறது. தண்டம் கட்டவில்லை. நினைவூட்டல்களுக்குப் பதில் இல்லை. அதனால் கோர்ட்.

"கிங்ஸ்பரிக்கு நான் போனதே இல்லை!" என்றான் நிஷாந்தன். "வேலைநாளில நான் ட்ரெயின்ல போறனான். கார் வாசல்லதான் நிக்கும்."

வான்மதி இரண்டாவது தாளில் நின்றுவிட்டாள். கோர்ட் அனுப்பிய வழக்குக்குப் பதில் போயிருக்கிறது. கெடு முடியுமுன்பே, 'வழக்கு கிடைத்தது, முழுவதையும் எதிர்த்து வாதாடப்போகிறேன்' என்று பெட்டியில் குறியிட்டு, நிஷாந்தன் என்ற பெயருக்கு நேரே ஒரு கிறுக்கலோடு. அதற்குப் பிறகு எதிர்வாதம் ஒரு வரிகூடப் போகவில்லை. அப்படிக் குறியிட்டதால் கூடுதலாகக் கிடைத்த இரண்டு வாரமும் கழிந்ததும் தீர்ப்பு விழுந்துவிட்டது.

"இது நான் இல்லை" என்றான் நிஷாந்தன்.

"தெரியுது. உங்களுக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது."

சனிக்கிழமை பின்னேரம் வான்மதி டூட்டிங் வீட்டுக்கு வந்தாள். நிஷாந்தனின் மாமி, றொஷானியின் தாய் கமலேஸ்வரி, தேத்தண்ணியும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தார். குள்ளமான, சுறுசுறுப்பான மனுஷி. மாமா நவரத்தினம் ஆறடி உயரத்தையும் சோபாவில் நீட்டியிருந்தார். கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு கார் ஓட்டும் லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்தவர். றொஷானியின் தம்பி சிவதர்ஷன் சுவரில் சாய்ந்து நின்றான். அவனும் தகப்பனின் உயரம். ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் வேலை.

"எல்லாரும் இவனைத்தான் பாக்கவேணும்" என்றான் நிஷாந்தன், சிவதர்ஷனைக் காட்டி. "கோர்ட் பேப்பர் தெரிஞ்ச ஆள் இந்த வீட்டில இவன் ஒருத்தன்தான்."

"அத்தான், உங்கட காரை நான் கேட்டு நீங்கள் எப்ப தந்தனீங்கள்? இன்சூரன்ஸ்ல என்னைப் போட்டா விலை ஏறுமெண்டு சொன்ன ஆள் நீங்கள்."

"இன்சூரன்ஸ்ல யார் யார் இருக்காங்க?" என்றாள் வான்மதி.

"நான், றொஷானி, பிறகு மாமி."

"ஆன்ட்டி ஓட்டுவாங்களா?"

"சும்மா பேருக்கு, அக்கா. வயது போன ஆளைச் சேர்த்தால் விலை குறையும். மாமியிட்ட ஜேர்மன் லைசன்ஸ் இருந்தது, அதை இஞ்ச மாத்தின படியே கிடக்கு."

காப்புறுதிக்காரியின் முகத்தில் தொழில்முறை வேதனை ஒன்று ஓடி மறைந்தது.

"றொஷானி, நீ ஓட்டுறியா?"

"வயிறு தெரியத் தொடங்கினதில இருந்து இல்லை அக்கா. இவர்தான் சும்மா என்னைப் பேசுறார், சீற்றை முன்னுக்கு இழுத்து வைக்கிறனாம்."

"ஒவ்வொரு சனியும் முழங்கால் ஸ்ரியரிங்கில இடிக்குது!" என்றான் நிஷாந்தன்.

வான்மதி நவரத்தினத்தின் பக்கம் திரும்பினாள். "தபால் யார் எடுப்பாங்க அங்கிள்?"

"நான்தான். இந்த வீட்டில ஒரு தாளும் என்னைத் தாண்டி உள்ளுக்கு வராது."

"எப்ப வரும்?"

"மத்தியானத்துக்கு முன்னம்."

"அப்ப நீங்க எங்க இருப்பீங்க?"

"அப்பர் டூட்டிங் றோட்டில. றமணன்ர கடையில."

"பின்ன எப்படி எடுப்பீங்க?"

"வந்து மேசையில இருக்கிறதை எடுப்பன்" என்றார் நவரத்தினம், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

"கிங்ஸ்பரியில யாரைத் தெரியும்?"

அறை குளிர்ந்தது. நவரத்தினம் கையை உயர்த்தினார். "அந்தப் பேரை இந்த வீட்டில கதைக்கிறதில்லை."

கிங்ஸ்பரியில் இருப்பது கமலேஸ்வரியின் தங்கை ஜெயகௌரி என்று சிவதர்ஷன் வான்மதியின் காதில் மெல்லச் சொன்னான். தங்கை மகனின் கலியாணத்துக்கு வீடு வந்து அழைக்காமல் போனில் சொன்னார்களாம். அன்றோடு போக்குவரத்து அறுந்தது. ஐந்து வருடம்.

வான்மதி ரோல்ஸை எடுத்தாள். "நல்லா இருக்கு ஆன்ட்டி. ஜெர்மனியில எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"பன்ரண்டு வருசம் பிள்ளை." கமலேஸ்வரிக்கு முகம் மலர்ந்தது. "இவர் ரெஸ்ரோரண்டில ஷிப்ட். வாற கடிதம் எல்லாம் நான்தான் பாக்கிறது. அகதி அலுவலகம், வாடகை, தண்டம், எல்லாம். ஒண்டுக்கும் பயப்பிடப்படாது. கெடுவுக்குள்ள 'எதிர்க்கிறம்' எண்ட பெட்டியில ஒரு புள்ளடி போட்டு அனுப்பிவிட்டால் சரி. காரணம் எழுதத் தேவையில்லை. பாதிப்பேர் பிறகு திரும்பியும் பாக்கமாட்டினம்."

"ஆமா ஆன்ட்டி" என்றாள் வான்மதி. ரோல்ஸைக் கீழே வைத்தாள். "அதைத்தான் இங்கேயும் செஞ்சீங்க."

நவரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாரும் எதிரியைத் தேடினீங்க. வீடு வாங்குறதைக் கெடுக்க வந்தவன் எவனாவது கோர்ட்டுக்குப் பதில் போடுவானா? லெட்டரைக் கிழிச்சுப் போட்டா போதுமே, தீர்ப்பு தானா வந்திருக்கும். பதில் போட்டவங்களுக்குத் தீர்ப்பு வரக்கூடாதுன்னு ஆசை. அதனால எதிரி இல்ல."

"அப்ப சிவா" என்றான் நிஷாந்தன், விடாமல்.

"சிவாவுக்குச் சட்டம் தெரியும். இந்த ஊர்ல பெட்டியில குறி போட்டா வழக்குத் தூங்காது. கொஞ்ச நாள் கூடக் கிடைக்கும், அதுக்குள்ள எதிர்வாதம் போகணும்னு தெரியும். இதைச் செஞ்சவங்க கெடு தவறாதவங்க, படிவத்தைப் பார்த்துப் பயப்படாதவங்க, ஆனா சட்டத்தை வேற நாட்டுல படிச்சவங்க. அங்கிள் அந்த நாட்டுல இருந்தும் ஒரு கடிதமும் பிரிச்சதில்ல. இங்கேயும் மேசைக்கு வந்ததைத்தான் பார்க்கிறாரு. மேசைக்கு வரவிடாம எடுக்கக்கூடியவங்க, அந்நேரம் வீட்டுல இருக்கிற ஒரே ஆள். காரை ஓட்டினவங்களும் அவங்கதான். அங்கிளோ சிவாவோ உட்கார்ந்தா சீட்டு பின்னால போகும். றொஷானி இப்ப ஓட்டுறதில்ல. சீட்டை முன்னால இழுத்தாத்தான் கால் எட்டும்னு இருக்கிற ஆள் மிச்சம் ஒருத்தர்தான்."

கமலேஸ்வரி முந்தானையால் மேசையைத் துடைத்தார். மேசை சுத்தமாகத்தான் இருந்தது.

"தங்கச்சிக்குக் குடல் ஒப்பரேஷன்" என்றார். "மகன் கனடாவில. புருஷனுக்குச் சுடுதண்ணி வைக்கவும் தெரியாது. சட்டி சாமானோட ரெண்டு ட்ரெயின் மாறி நான் எப்பிடிப் போறது? கிழமைக்கு ஒருக்கா காரை எடுத்துக்கொண்டு போய், சூப்பர்மார்க்கெட்டுக்குப் பின்னால விட்டனான். அண்டைக்கு அவள் சத்தி எடுத்தாள். விட்டிட்டு வர மனம் வரேல்ல."

"மாமி, தண்டத்தைக் கட்டியிருக்கலாமே!" நிஷாந்தன் கத்தினான். "வீடல்லோ போகுது!"

"எந்தக் காசில கட்டுறது தம்பி? எங்கட பாங்க் கணக்கை இவர் வாசிக்கிற மாதிரித் தேவாரமும் வாசிக்கிறதில்லை. 'கிங்ஸ்பரி' எண்டு கிடந்தால் நான் முடிஞ்சன். பதில் போட்டிட்டன்தானே, சரி எண்டு இருந்தன். தீர்ப்பு வந்த பிறகு வாய் வரேல்ல. பிள்ளைத்தாச்சியிட்ட எப்பிடிச் சொல்லுறது?"

நவரத்தினம் எழுந்து மாடிக்குப் போனார். ஒவ்வொரு படியும் அவர் கோபத்தை அறிவித்தது.

வான்மதிக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. "தீர்ப்பை நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். ஆனா ஏன் எதிர்வாதம் போகலன்னு உண்மையை வாக்குமூலமா எழுதிக் கையெழுத்துப் போடணும். நிஷாந்தன் எழுதினா போதாது. நீங்க எழுதணும், ஆன்ட்டி. கார், தங்கச்சி, கிறுக்கல் எல்லாம். கோர்ட்டுக்குப் போனதுக்கு அப்புறம் அது உங்க வீட்டு ரகசியம் இல்ல. வெளியாள் கேட்டாலும் வாசிக்கலாம்."

"அம்மா, உங்கட பெயரில ஒரு பிரச்சினையும் வந்திடக் கூடாது" என்றாள் றொஷானி. "வேண்டாம். வேற வீடு பாப்பம்."

கமலேஸ்வரி மாடிப்படியைப் பார்த்தார். பிறகு, மேலே கேட்கும்படி சத்தமாகவே சொன்னார்: "வெள்ளைக்காரன் வாசிக்கட்டும், முழு லண்டனும் வாசிக்கட்டும். நான் என்ன களவெடுத்தனானோ? சகோதரிக்குச் சோறு கொண்டுபோனன். சிவா, எழுதடா."

தொகையை முழுதாகத் தருவதாகச் சொன்னதும் கம்பனி விண்ணப்பத்தை எதிர்க்கவில்லை. ஆனாலும் நீதிபதி எல்லாரையும் நேரில் பார்க்க விரும்பினார். விசாரணை நாளில் விற்பவரின் கெடுவுக்கு ஒன்பது நாள் இருந்தது.

அன்று காலை கமலேஸ்வரிதான் கார் ஓட்டினார். நவரத்தினம் வந்து பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

நீதிபதி அம்மையார் வாக்குமூலத்தை இரண்டு தடவை வாசித்தார். இன்னொருவரின் பெயரில் கையெழுத்துப் போடுவது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று கமலேஸ்வரி சொன்னார். இனிமேல் செய்வீர்களா என்று கேட்டார். இனிமேல் எல்லாவற்றையும் சொந்தப் பெயரில்தான் செய்வேன் என்றார் கமலேஸ்வரி. நீதிபதி முகத்தைச் சுளித்துக்கொண்டே தீர்ப்பை நீக்கினார். கட்டளையின் நகல் கடன் கொடுப்பவர்களுக்குப் போனது. எட்டாம் நாள் அவர்கள் மறுபடி சம்மதித்தார்கள்.

ஆனால் அது பிந்திய கதை. கோர்ட்டிலிருந்து வெளியே வந்ததும் நிஷாந்தனும் றொஷானியும் தரகரைப் பார்க்க ட்ரெயினில் போனார்கள். கமலேஸ்வரி காரை எடுத்தார். டூட்டிங்குக்குத் திரும்பவேண்டிய சந்தியில் திரும்பவில்லை. வடக்கே போனார். நவரத்தினம் பாதையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான்.

ஜெயகௌரி மெலிந்த உடம்போடு வாசலுக்கு வந்தார். கையில் கோப்பை. "அத்தான், இறங்குங்கோவன். தேத்தண்ணி ஆறுது."

"வீடு வந்து சொல்லாத இடத்தில நான் இறங்கமாட்டன்" என்றார் நவரத்தினம், முன்னால் பார்த்தபடி.

ஜெயகௌரி படியிறங்கி, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கார் வரை நடந்து வந்தார். "சரி, வந்து சொல்லுறன். பேரனுக்கு மாசியில பிறந்தநாள், கனடாவில இருந்து வருகினம். வாங்கோ."

நவரத்தினம் இறங்கவில்லை. ஆனால் கார்க் கண்ணாடியைக் கீழே இறக்கி, கோப்பையை வாங்கிக்கொண்டார்.