வலப்பக்கத்து மூச்சு

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். ராசிபுரத்துக்குத் தெற்கே ஒரு கோழிப்பண்ணையின் தீவன அறையில், முப்பத்தொரு வயது கோகிலவாணிக்கு வலது நெஞ்சுக்குள் குமிழிகள் உடைகிற சத்தம் கேட்டது.

வெளியே என்றுதான் முதலில் நினைத்தாள். கொட்டகையில் எட்டாயிரம் கோழிகள் தீவனத்துக்குக் கத்திக்கொண்டிருந்தன. கருவாட்டுத் தூளும் மக்காச்சோளமும் எச்சமும் கலந்த நெடி தகரக் கூரைக்குக் கீழே கனத்துக் கிடந்தது. தூரத்தில் மாரியம்மன் கோயில் கொட்டு எழுந்து எழுந்து அடங்கியது. மூச்சைப் பிடித்தாள். குமிழிகளும் நின்றன. விட்டாள். மறுபடி உடைந்தன, தோள்பட்டை வரை ஏறிய குத்தலோடு.

மாதவிலக்கின் இரண்டாம் நாள். ஐந்து மாதமாக இதே நாளில்தான் இந்த வலி வருகிறது. வீட்டு வழக்கப்படி விலக்கு கழிந்து ஆறாம் நாள் மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தால் நெஞ்சில் ஒன்றும் இருக்காது. எப்போது வலிக்கிறது என்று மருத்துவர்கள் கேட்டபோதெல்லாம் மாமனார் பக்கத்தில் நின்றார். அவள் நாளைச் சொல்லவில்லை. வாயுவுக்கு மாத்திரை கொடுத்தனுப்பினார்கள். போன மாதம் நாமக்கல்லில் ஒரு பெண் மருத்துவர்தான் மாமனாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு சிலருக்கு நெஞ்சிலும் வளரும், விலக்கு நாளில் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து அது சுருங்கிவிடும் என்றார். வலிக்கிற அன்றைக்கே, வலிக்கிற நேரத்திலேயே வரச் சொன்னார்.

ஆனால் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கோயில் முன் கம்பம் நட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த நோம்பி முடியும்வரை விலக்கான பெண் கம்பத்தைக் கடக்கக்கூடாது. பண்ணையிலிருந்து போகும் ஒரே சாலை கம்பத்தை ஒட்டியது. அதனால் விலக்கு கழியும்வரை அவள் தங்கத் தீவன அறை. மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று மாமியார் சின்னாயியிடம் நேற்றே கேட்டாள். சின்னாயிக்கும் கண் கலங்கிவிட்டது.

"மூணு நாள் பொறுத்துக்க சாமி. தலைக்குத் தண்ணி ஊத்துனதும் நானே கூட்டிட்டுப் போறேன்."

கணவன் அன்பரசு லாரியோடு நாக்பூர் தாண்டியிருந்தான். அழைத்தாள். எடுக்கவில்லை.

விலா மேல் இரண்டு கைகளையும் வைத்துப் பார்த்தாள். இடக்கை உயர்ந்து தாழ்ந்தது. வலக்கை அசையவில்லை. அந்தப் பக்கம் வேறு யாருடைய உடம்பையோ தொடுவது போலிருந்தது.

ஆம்புலன்சுக்கு அழைத்தாள். ஊர் ஊராக இருக்கட்டும், கம்பம் கம்பமாக இருக்கட்டும் என்று முடிவெடுத்துத்தான் அழைத்தாள்.

"எந்த ஊருங்க? ஊர்ப் பேரைச் சொல்லுங்க."

வாயைத் திறந்தாள். காற்று இல்லை.

"ஹலோ? கேக்குதுங்களா?"

ஒரு எழுத்துகூட வரவில்லை. இணைப்பு அறுந்தது.

சுவரைப் பிடித்து வெளியே வந்தாள். கொட்டகையின் நீளம் முன்னூறு அடி. பத்தடி நடந்தாள். உட்கார்ந்தாள். கம்பிக்குப் பின்னால் எட்டாயிரம் தொண்டைகள். எல்லாம் மூச்சு விட்டன. எல்லாம்.

கழுத்தைத் தடவினாள். மூச்சுக்குழல் நடுவில் இல்லை. தேடினாள். இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. விரலுக்குக் கீழேயே இன்னும் நகர்ந்தது.

கிணற்றடியிலிருந்து மஞ்சள் புடவையில் சின்னாயி வந்தாள். இடுப்பில் கம்பத்துக்கு ஊற்றும் தண்ணீர்க் குடம். பத்தடி தள்ளி நின்றாள்.

"என்ன சாமி? சொல்லு."

கோகிலவாணி கழுத்தைக் காட்டினாள். வாய் திறந்து மூடியது. திறந்தது. உதடுகள் நீலம்.

சின்னாயி ஓரடி எடுத்து வைத்தாள். குடத்தைப் பார்த்தாள். அந்த அடியைப் பின்னால் எடுத்தாள்.

"உன்னைத் தொட்டா இந்தத் தண்ணி ஆவாது. ஊத்திட்டு ஓடியாரேன். அசையாம இரு."

குடம் தளும்பாமல் இருக்க, மெதுவாகத்தான் நடந்தாள். மஞ்சள் புடவை கொட்டகையின் நீளம் முழுக்கத் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

திரும்பும்போது சின்னாயி ஓடித்தான் வந்தாள். இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. கோகிலவாணி சுவரில் சாய்ந்து, கண் திறந்தபடி இறந்திருந்தாள்.