நிகிலன் மிச்சம் வைத்திருந்தது

காலையில் நடிகர்களுக்கு மேக்கப் போட்டதெல்லாம் பழைய காலம். இப்போது வரிசையாக உட்காரவைத்து, தலையில் உணர்வுறிஞ்சியை மாட்டிவிடுகிறார்கள். பார்க்க ஹெல்மெட் மாதிரிதான் இருக்கும். அன்றைய காட்சிக்கு வேண்டிய அழுகையையோ பயத்தையோ நெஞ்சிலிருந்து இழுத்து, டிவி வழியே வீட்டுக்கு வீடு அனுப்பிவிடும். பார்க்கிறவர்கள் நிஜமாகவே அழுவார்கள். 'நடிப்பு' என்பது தொழிலில் கெட்ட வார்த்தையாகி ஒரு தலைமுறை ஆயிற்று.

ஒரே சங்கடம், உறிஞ்சியது திரும்ப ஊறாது. அப்பா செத்த துக்கத்தைக் கொடுத்துவிட்டால், அப்புறம் அப்பா படத்தைப் பார்ப்பதும் சுவரைப் பார்ப்பதும் ஒன்றுதான்.

நிகிலனுக்கு 'உணர்வுச் சக்கரவர்த்தி' என்று பட்டம். கொடுத்தது அவர் சம்பளம் வாங்கும் சேனலேதான். அப்பா, மனைவி, முதல் வீடு என்று எல்லாவற்றையும் சீரியல்களுக்குக் கொடுத்துத் தீர்த்திருந்தார். மிச்சம் வைத்திருந்தது ஒன்றே ஒன்று: மகள் தாரகையின் கல்யாணச் சந்தோஷம். செட்டில் அதை நினைக்கக்கூட மாட்டார். கருவி மோப்பம் பிடித்துவிடும்.

அன்றைக்குச் சீரியலில் மருமகனுக்கு வேலை கிடைக்கும் காட்சி. பழைய கார் வாங்கிய சந்தோஷத்தின் அடிவண்டலை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார். போனை அணைத்துவைப்பது புதுமுகங்களுக்கான விதி. சக்கரவர்த்திகளுக்கு ஏது விதி? பையில் மணி அடித்தது. எடுத்தார்.

"அப்பா! அவங்க வீட்ல சரின்னுட்டாங்கப்பா! தை மாசமே கல்யாணம்!"

உணர்வுறிஞ்சி உறுமியது.

"அஸ்வந்த்! நிறுத்துய்யா!"

"நிறுத்தறதா? மீட்டர்ல முள்ளு தெறிக்குது சார்!" டைரக்டர் அஸ்வந்த் துள்ளினான். "போனை மட்டும் வச்சிராதீங்க!"

"அது என் பொண்ணோடதுய்யா. திருப்பி உள்ள போடு."

"எடுத்தா எடுத்ததுதான், உங்களுக்குத் தெரியாததா? உங்க சந்தோஷத்துல இன்னிக்கு நாடே பூரிக்கப் போகுது சார்."

"நாட்டுக்காய்யா கல்யாணம்?"

அஸ்வந்த் கொஞ்சம் யோசித்தான். "டீ சொல்லட்டுமா சார்?"

கோபப்பட வேண்டும் என்று நிகிலனுக்குத் தெரிந்தது. அஸ்வந்த் மேல் படவேண்டிய கோபத்தைப் போன சீரியலிலேயே கொடுத்தாகிவிட்டது. டீயைக் குடித்தார்.

தை பிறந்தது. மண்டபம் நிறைய அவருடைய சந்தோஷத்தோடு ஆட்கள் வந்திருந்தார்கள். "அந்த எபிசோடு பாத்துட்டு ரெண்டு நாள் எனக்குத் தூக்கமே இல்ல சம்பந்தி, அப்படி ஒரு பூரிப்பு!" என்ற மாப்பிள்ளையின் அம்மா, அவர் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு பூத்தட்டைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறிய கழுத்தோடு தாரகை கூட்டத்தில் யார் பக்கமும் திரும்பவில்லை. அப்பா முகத்தைத்தான் தேடினாள்.

இத்தனை வருடத் தொழிலில் செய்யாத ஒன்றை அப்போது அவர் செய்தாக வேண்டியிருந்தது. நடிக்க வேண்டும். உதடுகளை இரண்டு பக்கமும் இழுத்தார். பல்லைக் காட்டினார். கண்ணைச் சுருக்கினார். எவ்வளவு நேரம் அப்படியே பிடித்துவைத்திருக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

காலில் விழுந்து எழுந்த தாரகை, அவர் காதருகே நெருங்கினாள்.

"அப்பா, பல்லு வலிக்குதா?"

"ஆமாம்மா. லேசா."

"பந்தியில அப்பளம் தொடாதீங்க. ரசம் சாதம் மட்டும் சாப்பிடுங்க."

பந்தியில் அப்பளம் போட வந்தவரைக் கையால் மறித்துவிட்டு, நிகிலன் ரசம் சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டார்.