அரைப் பேர்

கோயில் திருவிழா முடிந்த மறுநாள், அந்தத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில், மேல் லயத்துப் பிள்ளைகளும் கீழ் லயத்துப் பிள்ளைகளும் ரக்பி விளையாடுவார்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் பெரட்டு நடக்கும். காலையில் பெரியவர்கள் வேலைக்குப் பேர் கொடுப்பார்களே, அதே மாதிரி. கீழ் லயத்துக்குப் பேர் கூப்பிடுகிறவள் தனுஜா. அவள் கூப்பிட்டால்தான் ஆட்டத்தில் சேர்த்தி. பிந்தி வந்தால் அரைப் பேர், பாதி ஆட்டம்தான்.

இந்த வருடம் பெரட்டு முடிகிற நேரத்தில் அஜந்தன் வந்தான். காலில் புது பூட்ஸ். ரக்பியில் கெட்டிக்காரன் என்று பண்டாரவளையில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் அவனைச் சேர்த்துக்கொண்டது. தை மாதம் விடுதிக்குப் போனவன், திருவிழாவுக்குத்தான் வந்திருக்கிறான்.

"நீ எதுக்கு வந்த?" என்றான் கீழ் லயத்து அணித்தலைவன் நிஷாந்த். "ஒன்னோட டீம் பண்டாரவளையிலதானே இருக்கு."

"வெளாடத்தான் வந்தேன்."

"வேணாம் தம்பி. பூட்ஸ் அழுக்காயிரும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அஜந்தன் தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்துக் கல்லில் போய் உட்கார்ந்தான்.

தனுஜாவும் சிரித்துவிட்டாள். அவளுக்கும் அவன்மேல் கோபம்தான். ஒரு சுவர் தள்ளி அடுத்த காம்பராவில் குடியிருந்தவன், போகும்போது சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை. ஆனால் சிரித்த பிறகு கல்லின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

போன வாரம் படித்த கதைப் புத்தகம் அவளுக்கு நினைவு வந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் வேல்ஸ் நாட்டில் எம்ரிஸ் என்று ஒருவன். அப்பாவோடு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தான். அவன் வீடும் லயம் மாதிரி வரிசை வீடுதான். ஊர் அணியில் அவன் ஓடினால் பிடிக்க ஆளில்லை. இங்கிலாந்தின் வடக்கே, விளையாடினால் சம்பளம் தருகிற ரக்பி லீக் அணி ஒன்று அவனைக் கூப்பிட்டது. வீடு நிறையத் தம்பி தங்கைகள். போனான். பெரிய வீரனானான், கோப்பைகள் வாங்கினான். ஆனால் காசுக்கு விளையாடியவன் என்று, காசு வாங்காமல் ஆடும் ஊர் அணி அவனைத் திரும்பச் சேர்க்கவே இல்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மைதானத்து மதிலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவான்.

அந்தப் பக்கத்தை மட்டும் தனுஜா அன்று திரும்பவும் படித்திருந்தாள். யாராவது ஒருத்தர் அவனைக் கூப்பிட்டிருக்கலாமே என்றிருந்தது.

கல்லில் அஜந்தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

"கீழ் லயம், ஆறாம் காம்பரா, அஜந்தன்," என்று தனுஜா சத்தமாகக் கூப்பிட்டாள்.

"அவன் பேரை வெட்டியாச்சு," என்றான் நிஷாந்த்.

"யாரு வெட்டினா? பேர் கூப்பிடுறது நான்தானே? ஒங்கண்ணன் கொழும்புல கடையில வேலைக்கு நிக்கிறாரு. நேத்து தேர் இழுக்க வந்தப்ப, வேணாம்னு யாராச்சும் சொன்னாங்களா?"

நிஷாந்த் கால் விரலால் மண்ணைக் கிளறினான். "இருந்தாலும், பிந்தித்தானே வந்தான்."

"ஆமா. அப்ப அரைப் பேர்."

"இருக்கேன்," என்று அஜந்தன் அங்கிருந்தே பதில் கொடுத்தான்.

பாதி ஆட்டத்தில் அவன் இறங்கினான். முதல் ஓட்டத்திலேயே ஒரு பூட்ஸ் சேற்றில் நின்றுவிட்டது; அவன் மட்டும் முன்னால் போய் விழுந்தான். நிஷாந்த் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு அவனே கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அதற்குப் பிறகு அஜந்தன் எல்லோரையும் போல வெறுங்காலோடு ஓடினான்.

மறுநாள் காலை, பஸ்ஸுக்குப் போகும்முன் தனுஜாவின் வாசலில் வந்து நின்றான்.

"போயிட்டு வர்றேன். போன தடவை சொன்னா அழுதுருவேன்னு பயம். அதான் சொல்லல."

தனுஜாவுக்கு அந்தப் பழைய கோபத்தைத் தேடினாலும் கிடைக்கவில்லை.

"அடுத்த வருசம் நேரத்தோட வா," என்றாள். "முழுப் பேர் போடுறேன்."