பதினான்காம் வரிசையின் பயம்

விமானம் தூத்துக்குடி ஓடுதளத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. மரியபுஷ்பத்துக்குப் பயமே வரவில்லை. பயப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

தரை தொடும் முன் எந்த நொடியில் மூக்கை உயர்த்துவது என்பதில் கணினிகள் சொதப்பிக்கொண்டே இருந்தன. முந்தினால் விமானம் மிதந்து தொப்பென்று விழும்; பிந்தினால் பயணிகளின் இடுப்பு போகும். ஓடுதளம் இருபுறமும் சட்டென்று அகலும்போது மனிதனின் கை தானாக இருக்கையைப் பற்றுகிறதே, அதுதான் சரியான நொடி என்று கண்டுபிடித்தார்கள். எல்லாக் கைப்பிடியிலும், பிடி இறுகியதும் கணினிக்குச் சொல்லும் பிடியுணரி வந்தது. பயணிகள் பயந்தார்கள், விமானம் பூப்போல இறங்கியது. பாழாய்ப்போன நம்பிக்கை வந்தது. எல்லோரும் தூங்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகுதான் பதினான்காம் வரிசையில் மட்டும் உணரியை விட்டுவைத்து, அங்கே பயப்படுவதற்கென்றே ஓர் அஞ்சுநரை உட்காரவைத்தார்கள்.

இன்று அவளுக்கு ஆண்டுச் சோதனை. தேறாவிட்டால் வேலை போய்விடும். பக்கத்தில் ஆய்வாளர் ஞானசிகாமணி.

"என்னம்மா, கொட்டாவி விடறீங்க?"

"மூவாயிரம் தடவ எறங்கியாச்சு சார். ஓடுதளத்தப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஒடம்பு அசைய மாட்டேங்கு."

"அப்போ யாருதான் பயப்படறது?"

"அதான் நானும் யோசிக்கேன்."

ஓடுதளம் அகன்றது. ஞானசிகாமணி கைப்பிடியைப் பாய்ந்து பிடித்தார். விமானம் மூக்கை உயர்த்தி அலுங்காமல் தரையில் அமர்ந்தது.

நேர்மையான மனிதர். அறிக்கையில் உள்ளதை எழுதினார்: "பக்கத்தில் இருப்பவர் பயப்படவில்லை என்று தெரிந்ததும் எனக்குப் பயம் வந்தது."

மேலிடம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. அஞ்சுநர் பதவியை ஒழித்து, எல்லா இருக்கைக்கும் உணரியைத் திரும்பப் பொருத்தினார்கள். இறங்கும் முன் ஓர் அறிவிப்பு: "இந்த விமானத்தில் பயப்படுவதற்கு ஆள் இல்லை." அதைக் கொட்டாவி விட்டபடி வாசிக்கும் வேலை மரியபுஷ்பத்துக்கே கிடைத்தது. அவளுக்கு நிம்மதி, பயணிகளுக்குக் கிலி.

ஆறு மாதம் நன்றாகத்தான் போயிற்று.

ஒரு நாள் அறிவிப்பை முடித்துவிட்டுப் பழைய இருக்கையில் உட்கார்ந்தாள். பின்னால் ஒரு குறட்டை. முன்னால் இரண்டு. எழுந்து எட்டிப் பார்த்தாள். விமானம் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது.

சன்னலில் ஓடுதளம் அகன்றது. "மாதாவே!" என்று கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

விமானம் பூப்போல இறங்கியது. பதினைந்தாம் வரிசையில் ஒருவர் சோம்பல் முறித்தார்.

"பயப்பட ஆளில்லன்னு சும்மா நம்மள மெரட்டுதாங்க. எப்டி எறங்குது பாத்தீயளா!"