யாருடைய சமிக்ஞை

காலடியில் பனி ‘வும்ஃப்’ என்று மூச்சு விட்டால் சரிவு எந்த நேரமும் உடையும் என்பது பனிமலைகள் சூழ்ந்த எங்காடின் பள்ளத்தாக்கில் பிறந்த யாருக்கும் தெரியும். ஆனால் செரைனா அசையாமல்தான் நின்றிருந்தாள். சத்தம் அவளுக்குப் பின்னால், யாரும் மிதிக்காத பனியிலிருந்து வந்தது.

“டூரி, திரும்பிடலாம்டா. இன்னிக்கு மூணாம் நிலை எச்சரிக்கைன்னு காலைலயே சொன்னாங்க.”

“உனக்குக் கொசு தும்முனாலும் பனிச்சரிவுதான்க்கா!” தம்பி சிரித்தான். “இத்தனூண்டு சரிவு. தாண்டினா வீடு.”

“எக்கேடோ கெட்டுப் போ!”

ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும், மற்றவர் கண்ணெடுக்காமல் பார்த்து நிற்க வேண்டும். பார்க்க என்ன இருந்தது? நாலடி போவதற்குள் மூடுபனி அவனை விழுங்கிவிட்டது. ஸ்கீ கட்டைகள் உரசும் ஒலி மட்டும் தேய்ந்து தேய்ந்து போய்க்கொண்டிருந்தபோது, மேலே எங்கோ துணி கிழிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அடுத்த கணம் மலையே இடம் பெயர்ந்த இரைச்சலோடு குளிர்ந்த தூள் அவள் வாயிலும் மூக்கிலும் அடைத்து, ஒடிந்த பைன் மரங்களின் பிசின் வாடையைக் கிளப்பிவிட்டு, அடங்கியது.

“டூரி!”

மறுபடி மறுபடி கத்தினாள். கெட்டுப் போ என்றுதானே கடைசியாகச் சொன்னாள்! பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். புதைந்தவனுக்குக் கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது.

மலையேறும்போது எல்லோர் நெஞ்சிலும் ஒரு கருவி இருக்கும். அது ஓயாமல் சமிக்ஞை அனுப்பும். யாராவது புதைந்தால் மற்றவர் தன் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும்; மாற்றியதும் அது அனுப்புவதை நிறுத்திவிடும். அவள் மாற்றினாள்.

பீப்.

கடவுளே! இறுகிய பனிக்கட்டிகள் மேல் விழுந்தும் எழுந்தும் ஓடினாள். கருவி காட்டிய தூரம் குறைந்துகொண்டே வந்தது: முப்பது மீட்டர். பன்னிரண்டு. மூன்று. துழாவுகோலைச் செருகினாள். மெத்தென்று எதிலோ முட்டியது.

தோண்டினாள். ஒரு கை தெரிந்தது. கையுறை இல்லை. தொட்டாள். அடுப்பருகே இருந்ததுபோல் சூடாக இருந்தது.

“என் தங்கமே! வந்துட்டேன்டா!”

விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டன. சந்தோஷத்தில் அழுதாள்.

“அக்கா!”

டூரியின் குரல் மேலே சரிவிலிருந்து வந்தது.

“அக்கா, உசுரோட இருக்கியா! நான் தப்பிச்சு அந்தப் பக்கம் போயிட்டேன். கூப்பிட்டேன், நீ பேசல. நீதான் புதைஞ்சிட்டன்னு நெனச்சு உன் சமிக்ஞையப் புடிச்சிக்கிட்டே வர்றேன்!”

“உன் கருவி... எந்த நிலைல இருக்கு?”

“தேடுற நிலைலதான். வேறெப்படி உன்னைத் தேடுறது?”

இவளுடையதும் அதே நிலைதான். இருவருமே தேடுகிறார்கள். இருவருமே அனுப்பவில்லை.

பீப். பீப்.

கையை உதறினாள். பிடி இறுகியது.

“டூரி, வராத! ஓடு!”

மூடுபனி கொஞ்சம் விலகியது. தம்பி குனிந்து தன் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்போ இது வேற யாரோ. இங்கயும் ஒண்ணு காட்டுது, என் காலுக்குக் கீழயே. பாவம், யாரோ மாட்டிக்கிட்டிருக்காங்க.”

“தோண்டாதடா!”

“பைத்தியமாக்கா உனக்கு? இந்த மலைல பொறந்தவ பேசுற பேச்சா இது?”

மண்டியிட்டான். பனியை வாரினான். முகம் மலர்ந்தது.

“கை தெரியுது! உசுரு இருக்குக்கா, சூடா இருக்கு!”

கையுறையைக் கழற்றிவிட்டு, உதவிக்குத் தன் கையை நீட்டினான்.

கை முழங்கை வரை பனிக்குள் போனது. தோள் வரை போனது. கன்னம் பனியில் அழுந்த, ஒற்றைக் கண்ணால் அக்காவைப் பார்த்தான்.

அவர்களைச் சுற்றி, சரிவு முழுக்க, பனியைக் கீறிக்கொண்டு விரல்கள் முளைத்தன.