முதுகுக்குப் பின்னால் ஒரு நீலப் பறவை

"ஐயோ...!" என்று அவள் அலறுவதற்குள் அவளுடைய மூக்குக் கண்ணாடி தரையில் விழுந்து நொறுங்கியிருந்தது.

விஆர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நின்ற அந்த நெட்டையனின் முழங்கை செய்த வேலை. பல் டாக்டரைத் தேடி, மாடி மாறி அவள் அலுவலகத்துக்குள் வந்துவிட்ட நீச்சல் பயிற்சியாளன் அவன். "அஞ்சே நிமிஷம் சார், ப்ளீஸ்" என்று, தான் செய்ததைச் சோதித்துப் பார்க்கப் பிடித்து நிறுத்தியவள் அவள்தான். ஹெட்செட்டுக்குள் விரியும் காட்டில், பார்ப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு நீலப் பறவை இருக்கும். அதை அவர் திரும்பிப் பார்க்கும்படி செய்வது அவள் வேலை. அன்று சிவப்பு அம்புக்குறி ஒன்றை மின்னவிட்டிருந்தாள்.

"இப்படி அம்பு விட்டா மனுஷன் பதற மாட்டானா?" என்று ஹெட்செட்டைக் கழற்றினான்.

"அதுக்கு என் மூக்கை உடைப்பீங்களா?"

"மூக்கு அழகாத்தானே இருக்கு..." சொல்லிவிட்டு அவனே சிவந்துபோனான்.

வெளியே மழை. கண்ணாடியில்லாமல் அவன் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனாலும் அந்தக் கண்கள் சிரித்தது தெரிந்தது...

பல்வலி போன பிறகும் வாரந்தோறும் வந்தான். அம்பு போய் மெல்லிய சிறகொலி வந்தது. பார்வையின் ஓரத்தில் இளம் வெளிச்சம் வந்தது. அவன் மெதுவாகத் திரும்பிப் பறவையைக் காணும்போதெல்லாம் இவளுக்கு நெஞ்சு படபடத்தது.

"வேண்டப்பட்டவராம்மா?" என்று ஒருநாள் மேலாளர் கேட்டார்.

வெட்கம் வாயைக் கெடுத்தது. "சேச்சே... சும்மா டெஸ்டிங்குக்கு வர்ற ஆளு சார்."

வாசலில் அவன் நின்றிருந்தான். திரும்பிப் படியிறங்கிப் போனான்.

அப்புறம் வரவேயில்லை. சிறகொலி கேட்டு எல்லோரும் அழகாகத் திரும்பினார்கள், மேலாளர் பாராட்டினார். அவளோ படியில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், திரும்பினாள். வேறு யாரோ... எப்போதும் வேறு யாரோ...

"சோத்துத் தட்டுல என்னடி படம் வரையிற? ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டா குறைஞ்சா போயிடுவ?" என்றாள் அக்கா.

"அவரே பேசட்டுமே!"

"அப்ப இப்படியே உருகிட்டுக் கிட."

இரண்டு நாள் வீம்பு தாங்கியது. மூன்றாம் நாள் அவன் பயிற்சி தரும் நீச்சல் குளத்தின் கரையில் போய் நின்றாள். தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவன், அப்படியே நின்றுவிட்டான்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய்..." என்றாள். "நீங்க வராத வாரமெல்லாம் எனக்கு வாரமாவே இல்ல. உங்களை... ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவன் கண்கள் மெல்லக் கலங்கின. பிறகு தலையைச் சாய்த்துக் காதைத் தட்டிக்கொண்டான்.

"காதுல தண்ணி... இன்னொரு தடவை சொல்லுங்களேன்?"

பொய் என்று தெரிந்தது. ஆனாலும் உரக்கச் சொன்னாள். இந்தத் தடவை குளத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.